தவமணி கேட்டாள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியைக் கம்பெனி கொடுத்தது. பச்சை அட்டை, உள்ளே வழவழவென்று தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'இன்று நான் நன்றி சொல்வது' என்று அச்சடித்து மூன்று கோடு. கீழே எட்டு தண்ணீர் டம்ளர் படம், குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டு வர வேண்டுமாம். அதற்கும் கீழே ஐந்து மூஞ்சி, சிரிக்கிறதிலிருந்து அழுகிறது வரை. அன்றைய மனசுக்கு ஏற்ற மூஞ்சியை வட்டம் போட வேண்டும். நாற்பத்தேழு வயதில் உட்கார்ந்து மூஞ்சிக்கு வட்டம் போடுகிறேன். நல்ல காலம்தான்.

முதல் பக்கத்தில் 'என்னைப் பற்றி' என்று கேட்டிருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன். பெயர் பிலோமினா. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி, மூன்றாவது லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் வேலை. என் கீழே நாற்பத்திரண்டு பெண்கள். பத்தொன்பது வருஷமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில். பிள்ளை இல்லை. போதுமா?

திட்டத்துக்கு 'நலமே பலம்' என்று பெயர். வெளிநாட்டில் நம் ஷூவை வாங்குகிறவர்கள், தொழிலாளிகளின் உடம்பையும் மனசையும் கவனித்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார்களாம். எச்.ஆர். வைஷாலி மேடம் அரை மணி நேரம் பேசினார். சின்னப் பெண், சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "டைரியை யாரும் படிக்க மாட்டோம், உங்களுக்காக எழுதுங்க" என்றார். லைனுக்கு ஒரு 'நலத் தோழி' வேண்டுமாம். என் சட்டையில் பச்சை பேட்ஜைக் குத்திவிட்டார்.

தவமணி டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எக்கா, இதுல தூங்குற மூஞ்சி இல்லியே. நான் எத வட்டம் போடுறது?" என்றாள். லைனே சிரித்தது. நானும்தான்.

ஜூன் 5, புதன்

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். பாத்ரூம் போக டோக்கன் ஷிப்டுக்கு இரண்டு. கணக்குப் போட்டவர் எந்தக் கல்லூரியில் படித்தாரோ.

"மீதி ஆறு டம்ளர எங்கக்கா வெச்சிக்கினு இருக்கறது, டிபன் பாக்ஸ்லயா?" என்று தவமணி கேட்டாள். குடிக்காமலேயே எட்டு டம்ளரையும் நீலப் பேனாவால் நிரப்பிவிட்டாள். அழகாக வேறு நிரப்பியிருக்கிறாள்.

மீட்டிங்கில் நான் இதைப் போட்டு உடைத்தேன். வைஷாலி மேடத்துக்கு டோக்கன் விஷயமே தெரியாதாம். முகம் சிவந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

டோக்கன் பலகையைக் கழற்றிவிட்டார்கள்! ஜி.எம். அறையில் வைஷாலி மேடம் சத்தம் போட்டது வெளியே வரைக்கும் கேட்டதாம். பாத்ரூமுக்குப் புதுத் தாழ்ப்பாள், பல்பு. பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டுக் கேட்டு நடக்காதது.

இன்று நான் நன்றி சொல்வது: அந்தச் சின்னப் பெண்ணுக்கு. நிஜமாகவே சொல்கிறேன்.

ஜூன் 12, புதன்

காலையில் பத்து நிமிஷம் எல்லாரையும் நிற்கவைத்து உடம்பை வளைக்கச் சொல்கிறார்கள். என் இடுப்பு வலி குறைந்திருக்கிறது. எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

பேக்கிங் பிரிவுக்கு முதல் மருத்துவ முகாம் நடந்தது. காதர் பாஷா பாய்க்குச் சர்க்கரை எக்கச்சக்கம். காலில் புண் இருந்ததை மனுஷன் சாக்ஸுக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். அங்கேயே பிடித்து, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் அவர் பெயருக்கு நேரே 'ரெஸ்ட்' என்று ஒட்டியிருந்தது.

லைனில் எல்லா மிஷினும் நின்றுவிட்டன. எங்கள் கம்பெனியில் ரெஸ்ட் என்றால் என்ன என்று வெளியாளுக்குத் தெரியாது. கன்னியம்மாவுக்கு ஆறாம் மாதத்தில் ரெஸ்ட் கொடுத்தார்கள், "கூப்பிடுறோம்மா" என்று. அவள் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. ஆரோக்கியமேரிக்கு இளைப்பு வந்தது, ரெஸ்ட். இன்னும் கூப்பிடுகிறார்கள். வேலையை விட்டுத் தூக்கிவிட்டோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் கேள்வி வரும், யூனியன் வரும். ரெஸ்ட் என்றால் மரியாதையாக இருக்கிறது.

"பாயும் போயிட்டாரு. இந்த டாக்டருங்க நமக்கு வைத்தியம் பாக்க வர்ல, ஆள் கழிக்க வந்துகீறாங்க" என்று கடைசி மிஷின் சரோஜம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜூன் 20, வியாழன்

29ஆம் தேதி சரக்கு கப்பலுக்குப் போயாக வேண்டும். பாதிதான் ஆகியிருக்கிறது. இந்த மாடலில் குதிகால் பக்கம் தோலை வளைத்துப் பிடித்து ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் சுருக்கம் விழும், ஊசி உடையும். நாற்பத்திரண்டு பேரில் அது வருவது தவமணிக்கு மட்டும். அவள் தைத்து முடித்தால்தான் அடுத்த இருபது மிஷினுக்கு வேலை. பன்னிரண்டு வருஷமாக என் லைனில் இருக்கிறாள். அவளுக்கு முப்பத்தாறு வயது, இன்னும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இரட்டைச் சடை.

மதியம் பிடரியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மண்டை பிளக்கிறதாம், நாலு நாளாக. "காபியக் குறைடீ" என்று திட்டினேன். என் பையிலிருந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

"முகாம்ல ஏதாச்சும் வந்தா ரெஸ்ட்னு மட்டும் எழுதிடப் போறாங்கக்கா. எங்க வீட்டுக்காரு அடுப்பாண்ட நின்னா வீடே பத்திக்கும்" என்று சிரித்தாள். ஏழுமலை நல்ல மனுஷன். கொத்து வேலை, வெற்றிலை பாக்கு தவிர வேறு பழக்கம் கிடையாது. மகள் பிளஸ் டூ.

ஜூன் 26, புதன்

எங்கள் லைனுக்கு முகாம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு நாலு பேராக அனுப்பி, வந்தவர்களிடம் சீட்டை வாங்கி, ரெஜிஸ்டரில் ஏற்றினேன். நலத் தோழியின் வேலை அதுதான். குறை ஒன்றும் இல்லை என்றால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. என் லைனில் நாற்பத்திரண்டு பேருக்கும் பச்சை.

தவமணி கேட்டாள். நார்மல் போட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. சாம்பாருக்குப் புளி தீர்ந்துவிட்டது.

ஜூன் 29, சனி

சரக்கு போய்விட்டது! நாலு மணிக்கு கண்டெய்னர் கதவை மூடினார்கள். ஜி.எம். சார் லைனுக்கே வந்து கைகொடுத்தார். எல்லாருக்கும் பச்சை வந்த ஒரே லைன் எங்களுடையது என்று ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. தவமணி தன்னுடையதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிரீடம் என்றாள். போட்டோ எடுத்தார்கள். நான் அவள் பக்கத்தில் நிற்கிறேன்.

ஜூலை 3, புதன்

தவமணி மதியம் வாந்தி எடுத்தாள். கேஸ் என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போயேன்டீ" என்றதற்கு, "அதான் நார்மல்னு வந்திச்சே" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

தவமணி மிஷினிலேயே விழுந்துவிட்டாள்.

ஜூலை 10, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

பதினொன்றரை மணி. நான் ஒன்பதாவது மிஷினில் நூல் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தையலுக்கு அவ்வளவு நேரம் ஓடாது. திரும்பிப் பார்த்தால் தலை மேஜைமேல் கிடக்கிறது, கால் மட்டும் மிதியை அழுத்தியபடி. ஊசி அதே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவள் சடை ஊசியில் மாட்டக் கூடாது என்று முதலில் அதைத்தான் தூக்கிப் பிடித்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. பிரஷர் ரொம்ப நாளாக ஏறியே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். "செக் பண்ணவே இல்லையா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"கம்பெனில பாத்தாங்க சார். நார்மல்னு சொன்னாங்க" என்றார் ஏழுமலை. என்னைப் பார்த்து, "இல்லக்கா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஜூலை 12, வெள்ளி

உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு இல்லை. கண் திறந்து பார்க்கிறாள், ஆள் தெரிகிறது. சொல்வது புரிகிறது என்கிறார் டாக்டர்.

கம்பெனியில் இன்று வேறு பிரிவுக்கு முகாம். அன்றைக்கு எங்கள் லைனுக்குப் பிரஷர் பார்த்த அதே ஜெனிஃபர் சிஸ்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விழுந்தவங்க ரெட்டைச் சடை போட்ட அம்மாவாமே? அவங்களுக்கு நூத்தி அறுபத்தெட்டு, நூத்திப் பன்னெண்டு இருந்திச்சுங்க. நல்லா ஞாபகம் இருக்கு. வேலை செஞ்ச படபடப்பா, நிஜ பிரஷரான்னு தெரியணும்ல? அதான் ரெஸ்ட் பத்துன்னு சீட்டுல எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷம் உக்கார வெச்சுட்டு, மறுபடி பாத்துட்டு டாக்டர்கிட்ட அனுப்பறதா இருந்தேன். அவங்க வரவே இல்லையே?"

பத்து நிமிஷம்.

"கூட்டத்துல விட்டுப் போயிருக்கும் சிஸ்டர்" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயிலிருந்து? அவ்வளவு சரளமாக வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன். மாவு அரைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 15, திங்கள்

காதர் பாஷா பாய் வேலைக்கு வந்துவிட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவர்தானா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இளைத்திருக்கிறார், காலில் புதுச் செருப்பு. "ரெஸ்ட் முடிஞ்சிபோச்சும்மா" என்று சிரிக்கிறார்! தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்களாம், கால் தப்பியதாம். "முகாம்ல கண்டுபிடிச்சதுன்னா கம்பெனிதான் கடசி வரிக்கும் பாக்கணுமாம், வேலையும் எடுக்கக் கூடாதாம். அந்த மேடம் நின்னு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்துச்சு. அல்லா அத நல்லா வெக்கணும்" என்றார்.

டைரியின் கடைசிப் பக்கத்தில் விதிமுறைகள் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஏழாவது விதி அதேதான். ஒரு மாதத்துக்கு மேலாக என் கையிலேயே இருக்கிறது. நான் மூஞ்சிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வியாழன்

ஏழுமலை கம்பெனிக்கு வந்தார். வேட்டியெல்லாம் சிமெண்ட், வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். பேச்சுக்கும் கைக்கும் தினமும் பயிற்சி கொடுத்தால் வர வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் உடனே ஆரம்பிக்க வேண்டும், தள்ளத் தள்ள வராது. அதற்கென்று இருக்கிற ஆஸ்பத்திரி பாய் போன அதே தனியார் ஆஸ்பத்திரிதான், காசைக் கொட்ட வேண்டும். யாரோ அவருக்கு ஏழாவது விதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

வைஷாலி மேடம் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார். தவமணி, 122/80, நார்மல். என் கையெழுத்து. எனக்கு எப்போதுமே நல்ல கையெழுத்து.

"முகாம்ல எதுவும் வரலையே அண்ணா. வந்திருந்தா நான் முதல் ஆளா நின்னிருப்பேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெளியே வந்ததும் ஏழுமலை என்னிடம், "விடுக்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க? இருந்தாதான எழுதுவீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார் அந்த மனுஷன்!

ஜூலை 20, சனி

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. இந்த டைரியின் பின்னட்டை உறைக்குள். 26ஆம் தேதியிலிருந்து அங்கேதான். ஏன் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை.

காலையில் அதை எடுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். "தப்பு என் மேலே மேடம். நான்தான் மாத்தி எழுதினேன்" என்றேன். சொன்னபோது நெஞ்சு லேசானது. அதோடு வெளியே வந்திருந்தால் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அதற்குள் ஜி.எம். சார் வந்துவிட்டார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"பத்தொம்பது வருஷம் இங்க இருக்கீங்க பிலோமினா. நீங்களா இப்படி எழுதுற ஆள் இல்லை. அந்தம்மா கேட்டாங்களா?"

நான் மேஜைமேல் இருந்த சீட்டையே பார்த்தேன்.

"டைரி எழுதுறீங்கல்ல? அன்னிக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

டைரி என் மடியில்தான் இருந்தது. வைஷாலி மேடம் "சார், அது அவங்க பர்சனல்" என்றார். ஜி.எம். சார் கையை நீட்டியபடியே இருந்தார். கொடுத்தேன். 26ஆம் தேதியைத் திறந்து, வாய்விட்டுப் படித்தார். "தவமணி கேட்டாள். நார்மல் போட்டேன்."

"அப்ப அவங்க கேட்டுதான் போட்டிருக்கீங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். கழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் அதற்கு?

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டைரியைத் திருப்பிக் கொடுத்தார். சீட்டைத் தரவில்லை.

ஜூலை 24, புதன்

தவமணி வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் போயிருக்கிறது. பரிசோதனை முடிவை மறைக்கும்படி தொழிலாளியே கேட்டுக்கொண்டதால் ஏழாவது விதி பொருந்தாது. அவர் குணமாகும் வரை ரெஸ்டில் இருக்கலாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏழுமலை கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏன்டீ அக்காகிட்ட அப்டிக் கேட்ட? வேல போனா போவுதுடீ! நான் செத்தா பூட்டேன்? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா? வாயத் தொறந்து சொல்லேன்டீ, ஏன் கேட்ட?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். மகள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். தவமணி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். இல்லை, இல்லை என்று. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

ஏழுமலை சட்டென்று அடங்கிப்போனார். "கழுத்து வலிக்குதா? தலகாணி இறங்கிக்கிச்சா?" என்று தலையணையைச் சரிசெய்து வைத்தார்.

அவள் அசைப்பதை நிறுத்தவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஆமாம், ஓடித்தான் வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

லீவு சொல்லவில்லை, வேலைக்கும் போகவில்லை. காலை ஏழு மணியிலிருந்து எழுதுகிறேன். இதை எனக்காக எழுதவில்லை.

26ஆம் தேதி நடந்தது இது.

பதினோரு மணிக்குத் தவமணியை முகாமுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து சீட்டை நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 168/112, அதற்குக் கீழே REST 10. பத்துக்குப் பிறகு ஏதோ கிறுக்கல். ரெஸ்ட் என்று பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னியம்மா, ஆரோக்கியமேரி, பாய் எல்லாரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். இவளையும் கழித்துவிடுவார்கள் என்று பயந்தேன். இது பொய்யில்லை.

ஆனால் அது முழுசும் இல்லை. பத்து என்பதைப் பத்து நாள் என்று நினைத்தேன். 26ஆம் தேதி, கப்பலுக்கு மூன்று நாள். பத்து நாள் இவள் இல்லாமல் குதிகால் தையலை யார் தைப்பது? அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தக் கிறுக்கல் என்னவென்று இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த சிஸ்டரைப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் நாள் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

சீட்டை மடித்து டைரி உறைக்குள் வைத்தேன். ரெஜிஸ்டரில் எழுதிய 122/80 என்னுடைய பிரஷர். காலையில் எனக்குப் பார்த்திருந்தார்கள். என்னுடையதைத்தான் அவளுக்கு எழுதினேன்.

அவள் இருபதாம் தேதி சிரித்துக்கொண்டே சொன்னதை அன்றைக்கே எழுதியிருக்கிறேன். அது விளையாட்டுப் பேச்சு. யாரும் அதைக் காட்டி, கேட்டாள் என்று சொல்ல வேண்டாம். நானே ஒரு மாதமாக அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணிக்கு வைஷாலி மேடம் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதார். ஜி.எம். அறைக்குப் போய்விட்டு, அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "அக்கா, சார் உங்களைக் கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருக்கச் சொல்றார்" என்றார். அப்புறம் மெதுவாக, "அக்கா, டைரியை அவங்க வீட்ல கொடுங்க. இங்க கொண்டு வராதீங்க" என்றார்.

ஜெனிஃபர் சிஸ்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தேன். அன்றைக்கு நீங்கள் எழுதியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். தருகிறாராம்.

ஏழுமலை, இந்த நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். உங்களுக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ செய்யுங்கள். ஆனால் படித்து முடித்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் தலையை அசைத்தது தலையணைக்காக இல்லை. இதை அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கட்டும்.

அவள் கேட்டது உண்மைதான். மிஷின் சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"எவ்ளோக்கா இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். நார்மல் என்று சொன்னேன். நம்பி, போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

பிலோமினா
மூன்றாவது லைன்